மறுப்பு இல்லை

அன்பு மகளுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிடம் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடிதத்தில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

முதலில் ஒரு செய்தி. போன மாதக் கடைசியில் உன் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தலைமையாசிரியையே பேசினார். புது வருடத்துக்குக் கிளப்களில் பிள்ளைகளைச் சேர்க்கிற நாளாம், பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். நம்ம பள்ளிக்கு விவாதக் கோப்பை வாங்கிக் கொடுத்த பெண்ணுடைய அம்மா நீங்கள், கிளப்பில் சேர்ந்ததால் உங்கள் மகளுக்கு என்ன நன்மை கிடைத்தது என்று மேடையில் ஐந்தே நிமிடம் சொல்லுங்கள் என்றார். நீ வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனது அவருக்குத் தெரியும். எப்படிப் போனாய் என்பது தெரியாது. நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேலையிடத்தில் ஈரப் போர்வை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, என்னம்மா மயக்கமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்ன நன்மை என்று யோசித்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் யோசிக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை, கைதானே வேலை செய்கிறது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். உனக்கும் அதையே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை படி.

நீ பேசாத பிள்ளை. பற்பசை வாங்கிவரச் சொன்னால் ஷேவிங் க்ரீம் வாங்கிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் மாற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறார். இது இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன் அப்பா வீட்டை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். ஆம்பிளை இல்லாத வீட்டில் இது என்னடி, யாராவது பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் கத்த, நீ சிரித்தாய். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. உன் சிரிப்புக்குக்கூடச் சத்தம் கிடையாது.

அந்த வருடம்தான் உன் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பரீட்சைத் தாளில் எல்லாம் எழுதுகிறாள், எழுப்பி நிறுத்திக் கேட்டால் காற்றுதான் வருகிறது என்றார். ஏதாவது ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள், நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும் என்று ஒரு பச்சைத் தாளைக் கொடுத்தார். நாடகம், சதுரங்கம், புகைப்படம், தோட்டம், விவாதம் என்று பெயர்கள். கீழே கிளப்பில் சேர்வதால் வரும் நன்மைகள் ஆறு வரி. தன்னம்பிக்கை வளரும் என்பது முதல் வரி. அதை நான் சலவைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நமக்கெல்லாம் இப்படி ஒரு தாள் யாராவது கொடுத்திருந்தால் நாம ஏன் இங்கே அடுத்தவன் படுக்கையை அலசிக்கொண்டிருக்கிறோம் என்று இஸ்திரி அக்கா சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ பென்சிலால் தோட்டத்துக்கு நேராகச் சின்னதாக ஒரு குறி போட்டிருந்தாய். செடியோடு பேசவா பள்ளிக்கூடம் போகிறாய் என்று கேட்டு, ரப்பரால் அழித்துவிட்டு, விவாதத்துக்கு நேராகப் பேனாவால் நான் போட்டேன். நீ பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாததால்தானே அந்தக் கிளப்பில் போடுகிறேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்ட பிறகு வேதியியல் கூடத்தில் கிளப். நடத்துகிறவர் பூகோள வாத்தியார். மரப்பலகையில் ஒரு சைக்கிள் மணியை முடுக்கி வைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் ஆனதும் அடிப்பார். அதனால் அவருக்கு நீங்கள் வைத்த பெயர் மணியடி சார். முதல் நாள் நீ எழுந்து நின்று ஒரு சொல்லும் சொல்லாமல் மூன்று நிமிடமும் நின்றாயாம். வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். நாளைக்கே போய் அந்த ஆளை ரெண்டு கேட்கிறேன் என்று நான் கிளம்பினேன். அப்போதுதான் நீ தலையைத் தூக்கி, சார் ஒண்ணும் திட்டல, மூணு நிமிஷமும் ஓடிப் போகாம நின்ன, அடுத்த வாரம் ஒரு வரி சொல்லு போதும்னுதான் சொன்னாரு என்றாய். அடுத்த வாரம் ஒரு வரி சொன்னாய். அதற்கடுத்த வாரம் நாலு.

அப்புறம் நம் சமையலறை என்ன பாடுபட்டது! நீ எந்தப் பக்கம் பேசுகிறாயோ அதற்கு எதிர்ப்பக்கம் நான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவேன். பள்ளிச் சீருடை வேண்டுமா, வீட்டுப்பாடம் தேவையா என்று என்ன தலைப்பு வந்தாலும் அதை மறுநாள் நான் வேலைக்கு எடுத்துக்கொண்டு போவேன். இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்கு மேல் எட்டுப் பெண்கள் கத்தி விவாதம் பண்ணுவோம். வீட்டுப்பாடம் பிள்ளைக்கா அம்மாவுக்கா என்று கேள் என்று இஸ்திரி அக்கா சொன்னதை நீ முதல் போட்டியில் கேட்க, கூடமே சிரித்ததாம். அன்றிலிருந்து இங்கே உனக்கு வக்கீலம்மா என்று பெயர். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்கள். வக்கீலம்மா எப்படி இருக்கா என்று. நல்லாருக்கா என்கிறேன்.

ஆரம்பத்தில் சமையலறையில் நான்தான் ஜெயிப்பேன். ஒருநாள் நீ கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அடுப்பு மேல் வைத்துவிட்டு, அம்மா, சத்தம் வேற, காரணம் வேற என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதை அப்படியே வேலையில் எல்லாரிடமும் சொல்லிக்காட்டினேன். என் மகள் என்னையே மடக்கிவிட்டாள் என்று பெருமையடித்துக்கொண்டேன். பைத்தியக்காரி.

இங்கே நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் எண் இயந்திரம் கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது, உள்ளே அறுவைக் கூடத்துத் துணி மொத்தமும் மாட்டிக்கொண்டது. ஆள் வந்து திறந்துவிட்டுப் போயாயிற்று. இப்போது டீ இடைவேளை. தொடர்கிறேன்.

கிளப்பால் உனக்கு நன்மை வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரிடம் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். நீ கீழே போய் அவர் வாசலில் நின்று, எந்தெந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தாய். நாலாம் நாள் புது மோட்டார். உனக்கு இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள், உயரக்காரியும் சோடாபுட்டியும். சனிக்கிழமைகளில் நம் வீட்டுத் தரையில் மூன்று பேரும் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு முன் நம் வீட்டுக்கு உன்னைத் தேடி ஒரு பிள்ளையும் வந்ததில்லை.

உன் அப்பாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், இரண்டு மாடிக்கு நடுவிலேயே தொங்கிப் பழகியவர். வீட்டிலும் அப்படித்தான், ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றையும் விழுங்கிக்கொண்டு ஒருநாள் வேறு ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. மகள் என்னோடு இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். எனக்குப் பயமே இல்லை. என் பிள்ளை என்னை விட்டு எங்கே போவாள் என்று அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டி மேல் வீசிவிட்டு வேலைக்குப் போனேன்.

குடும்ப நீதிமன்றத்தில் அந்த ஆலோசகர் அம்மாவின் அறை எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சுவரில் ஒரு மின்விசிறி, அது நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேசைத் தாள் எழும்பும். அவர் ஒவ்வொரு தடவையும் முழங்கையால் அமுக்குவார். அவருக்கு நல்ல ஜலதோஷம் வேறு. மூலையில் சின்னப் பிள்ளைகளுக்கென்று பொம்மைகள் வைத்திருந்தார்கள். உன்னைத் தனியாகக் கேட்கிறேன், அப்பாவும் அம்மாவும் வெளியே இருக்கட்டும் என்றார். நீதான் வேண்டாம் என்றாய். ரெண்டு பேரும் இருக்கும்போதே சொல்றேன், அவங்க இல்லாதப்போ சொன்னா அவங்களால பதில் சொல்ல முடியாது, அது நியாயமில்ல என்றாய். அந்த அம்மா தும்மலை அடக்கிக்கொண்டு உன்னைப் பார்த்த பார்வை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஆமாம், என் பெருமையைக் காட்டத்தான் நிமிர்ந்தேன்.

அப்புறம் நீ சொன்னாய், அப்பாவோட இருக்க விரும்பறேன், மூணு காரணம் இருக்கு என்று.

முதல் காரணம். அம்மா வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைக்கூட முடித்ததில்லை, பாதியிலேயே அவங்க முடிச்சிடுவாங்க, நான் பேசாத பிள்ளைன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் பேசாம இருக்கல, காத்துக்கிட்டு இருந்தேன் என்றாய்.

இரண்டாவது காரணம். என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை என்றாய். தோட்டத்துக்கு நேராக நீ போட்ட பென்சில் குறியை நான் அழித்ததைச் சொன்னாய். நான் வாயைத் திறக்கப் போனேன். அந்தக் கிளப்பில் போட்டதால்தானேடி இன்றைக்கு இங்கே உட்கார்ந்து இப்படிப் பேசுகிறாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதையும் நீயே சொன்னாய். அம்மா இப்ப இதைத்தான் சொல்வாங்க, அது உண்மைதான், எனக்கு நல்லதுதான் நடந்திருக்கு, ஆனா நல்லது நடந்துடுச்சுங்கறதால கேட்காம செஞ்சது சரியாயிடாது என்றாய். எதிர்த்தரப்பு சொல்லப்போகும் நல்ல வாதத்தை அவர்களுக்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்பது மணியடி சார் பாடம். சமையலறையில் நானும் உனக்கு அதைப் பழக்கியிருக்கிறேன்.

மூன்றாவது காரணம். தூரத்துல இருந்தாலும் அப்பா என்னோட ஒரு போட்டியைக்கூட மறந்ததில்லை, பன்னிரண்டு போட்டி, பன்னிரண்டு தடவையும் காலையில வாழ்த்து வந்துச்சு என்றாய். விரலை மடக்காமல், என்னைப் பார்க்காமல், அந்த மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாய்.

மகளே, நான் உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் நகத்துக்குள் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

முதல் போட்டிக்கு முந்தின சாயங்காலம் நீ என்னிடம், அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாய். ஒரே ஒரு தடவை. நான் துணி காயப்போடப் போகிற மாதிரி மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டு, நாளைக்கு அவளுக்குப் போட்டி, காலையிலே ஒரு வார்த்தை அனுப்புங்க என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் கூப்பிட்டேன். தேதி மறக்கிற மனுஷன், அவர் பிறந்தநாளே அவருக்கு நான் சொன்னால்தான் தெரியும். பதினொரு தடவை நான் சொன்னேன். பன்னிரண்டாவதுக்கு எனக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் விழுந்து மறந்தே போனேன். மறுநாள் காலையில் நீ போனைக் காட்டினாய், வாழ்த்து வந்திருந்தது. அந்த ஒன்று அவருடையது. அதையும் எழுதாவிட்டால் நான் சொல்வது நேர்மையாக இருக்காது, எழுதிவிட்டேன்.

இதை அந்த அறையில் சொல்லியிருந்தால் ஒருவேளை நீ இங்கே இருந்திருப்பாய். உன் அப்பா உன் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார், அதை நீ பார்த்திருப்பாய். எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் வருகிற வாய் அன்றைக்கு வரவில்லை. கத்தலாம் என்றால், கத்தினால் உன் முதல் காரணம் அந்த அம்மாவின் கண் முன்னாலேயே நிரூபணமாகிவிடும். என்னம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா என்று அவர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாளில் எழுதினார். வெளியே வந்து கையெழுத்துப் போடும்போதுதான் படித்தேன். தாய்த் தரப்பில் மறுப்பு இல்லை என்று எழுதியிருந்தது.

பதில் இல்லாமல் போனதற்கும் மறுப்பு இல்லாததற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? நீயே சொல். நீதானே கெட்டிக்காரி.

தாழ்வாரத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் உன் அப்பா அதன் பொத்தானை அமுக்கிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். நீ சொல்லியிருக்கலாமே என்றார். நீங்க சொல்லியிருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. பதினேழு வருடக் கல்யாணத்தில் அவர் வாய் திறக்காததற்காக நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய சண்டையைப் போடவில்லை. நீ படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாய்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், மனசு ஆறவில்லை, அதுதான் காரணம். அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே. படித்துவிட்டுப் பேசாமல் இரு. அதுவும் உன்னால் முடியும்.

இனி மேடைக் கதை.

உன் பழைய பள்ளி அரங்கில் முந்நூறு பேராவது இருப்பார்கள். என் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன், கையில் மட்டும் சலவைச் சோப்பு வாடை போகவில்லை. மணியடி சார் மேடையோரம் பலகையோடு உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் ஏறி நின்றேன். மைக்குக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காற்றுதான் வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். அப்போதுதான் நினைத்தேன், என் பிள்ளையை இப்படித்தானே கொண்டுபோய் நிறுத்தினேன், அவள் மூன்று நிமிடம் தாக்குப் பிடித்தாளே என்று.

கையில் அந்தப் பச்சைத் தாள் இருந்தது. புதுசு, வாசலில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதே ஆறு வரி. தன்னம்பிக்கை வளரும் என்று படித்துவிட்டு, ஆமாங்க, வளர்ந்தது என்றேன். வீட்டுக்காரர் மோட்டார் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். நல்ல நட்பு அமையும் என்று இருந்தது. ஆமாங்க, அமைஞ்சுது என்றேன். சுயமாக முடிவெடுக்கும் திறன் என்று ஒரு வரி. அதை இரண்டு தடவை வாசித்தேன். ஆமாங்க, அதுவும் வந்துச்சு என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லா வரியும் உண்மைதான். கை தட்டினார்கள். மைக்கை விட்டு நகரப் போனபோது முன்வரிசையில் ஒரு அம்மா, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு வரலையா, பார்க்கணும்போல இருக்கு என்று சத்தமாகக் கேட்டாள்.

அப்போதுதான் பொய் சொன்னேன். அவளுக்கு வேற ஊர்ல பெரிய பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சுதுங்க, அங்க கிளப் இன்னும் பெரிசு, அதுக்காக நான்தான் அனுப்பி வச்சேன் என்றேன்.

நான்தான் அனுப்பி வைத்தேன் என்று மைக்கில் சொல்லிவிட்டேன், முந்நூறு பேருக்குக் கேட்க. எவ்வளவு நல்ல அம்மா என்று யாரோ சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து உன் உயரக்காரி எழுந்தாள். என் உயிர் போய்விட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும் இல்லையா? அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்து, ஆமா ஆன்ட்டி, அவங்கம்மாதான் ரொம்ப யோசிச்சு அனுப்பி வச்சாங்க என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது அவளைத் தேடினேன், கண்ணில் படாமல் போய்விட்டாள். உன்னிடமும் யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடு. மூன்று பேர் ஒரே மாதிரிச் சொன்னால் அது நிற்கும்.

எல்லாரும் போன பிறகு மணியடி சாரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். என் பிள்ளைக்கு என்ன சார் சொல்லிக்கொடுத்தீங்க என்று ஆரம்பித்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். நீதிமன்றத்துக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு நீ அவரிடம் போய் நின்றாயாமே. இது போட்டி இல்ல, உன் குடும்ப விஷயம், இதுக்கு நான் குறிப்பு எழுதித் தர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். குறிப்பு வேண்டாம் சார், ஒரே ஒரு கேள்வி, எதிர்ப்பக்கத்துக்கு வலிக்காம ஜெயிக்க முடியுமா என்று கேட்டாயாம்.

முடியாதுன்னு சொன்னேம்மா என்றார்.

ஏன் சார், முடியும்னு சொன்னா என்ன, சின்னப் பிள்ளைதானே என்று கேட்டேன். பிள்ளைகிட்டப் பொய் சொல்ல வரலம்மா என்றார். அதைக் கேட்டுவிட்டு நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாயாம். அந்த வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் லேட்டு என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள், பஸ் கிடைச்சிருக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் பேசியிருக்கிறாய். வலிக்கக் கூடாது என்றும் நினைத்திருக்கிறாய். இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டு நான் தூங்கி எழுவது என்று இன்னும் தெரியவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. உன் முதல் காரணத்துக்கு மூன்று மாதமாகப் பதில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. நாள் முழுக்க இயந்திரத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்கு வேறு மாதிரிப் பேச வராமல் போய்விட்டது என்று சொல்லலாம். அது சாக்கு. நீ தடுமாறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, அதனால் உன் வார்த்தையை நான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

டீ ஆறிப்போய்விட்டது. முடிக்கிறேன்.

காலாண்டு விடுமுறையில் நீ விரும்பினால் இங்கே வரலாம் என்று அந்த நீதிமன்றத் தாளில் போட்டிருக்கிறது. விரும்பினால் என்றுதான் போட்டிருக்கிறது. விடுமுறையின் முதல் நாலு நாளுக்கு நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே நாட்களில் இஸ்திரி அக்காவின் மகளுக்குப் பிரசவம் இருக்கிறது, அவளும் லீவு கேட்கிறாள், இரண்டு பேருக்கும் சேர்த்துத் தர முடியாது என்கிறார் சூப்பர்வைசர். அதனால் நீ வருவதானால் சொல். வரவில்லை என்றால் அதையும் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு, லீவை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒரு சொல் போதும். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள், போட்டி சமயத்தில் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. எந்த மேடையில் ஏறினாலும் நீ நினைத்ததை முழுசாகச் சொல்லிவிட்டு இறங்கும்படி ஆகட்டும்.

என்றும் உன்,
அம்மா